பதினொன்றாவது பாட்டு பாடப்பட்ட நாள்

“பூரணைப் போயாவுக்கு முந்தின நாள். கொட்டாஞ்சேனை, பங்கு மண்டபம். ஆறரைக்கு என்று சொல்லி, எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கத் தொடக்கம். பாட்டு பதினான்கு. பதினொன்றாவது புதிது: களனிப் பாலத்தில் நின்றுபோன லொறி. தானே கட்டியது என்றார். நன்று. தலையிடி.”

என் கொப்பியில் உள்ள குறிப்பு இவ்வளவுதான். எழுதிய அன்று இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இளையவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். 1966 தொடங்கி 1971 நடுப்பகுதிவரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. நிலவின் நான்கு கட்டங்களிலும் வரும் போயா தினம்தான் விடுமுறை. அதற்கு முந்தின நாள் அரைநாள் வேலை. வாரம் சில வேளை ஆறு நாளாகவும் சில வேளை எட்டு நாளாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கந்தோருக்குப் போய்க் கோப்புகளைப் புரட்டினோம். கிழமையின் பெயருக்கு ஒரு பொருளும் இல்லாமல் போனதால் நான் அதை எழுதுவதை விட்டேன். பிறகு மாதத்தையும் விட்டேன். நிலவையும் பண்டிகைகளையும் வைத்தே தலைப்பிட்டேன். எத்தனையோ ஊர்களின் பழைய நாட்குறிப்புகளை வாசித்தவன் என்ற நினைப்பில், அது ஒரு அழகான முறை என்றுகூட எண்ணியிருந்தேன்.

எந்த ஆண்டு என்பது கொப்பியின் அட்டையில் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. எழுதினால் பாட்டு எது என்று சிலருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் குழுவில் நான்கு பேர்: இரண்டு கிற்றார், ஒரு அக்கோடியன், ஒரு பொங்கோ மேளம். பாடுகிறவர் துறைமுகத்தில் எழுதுவினைஞர்; என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கொட்டாஞ்சேனையில், பிறந்த தெருவிலேயே இருந்தவர். பஸ், கியூ, வாடகை வீடு, பாலம் என்று நாங்கள் தினமும் படுகிற பாட்டை எங்கள் பேச்சிலேயே பாடினார்கள். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி அவர்களைக் கேட்கப் போனவர்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டுகளில் ஒரு நிகழ்ச்சியையும் நான் தவறவிடவில்லை. பாட்டுகளின் வரிசை, தொடங்கிய நேரம், யார் தாளம் பிசகினார் என்பதெல்லாம் எழுதி வைத்தேன்.

லொறிப் பாட்டு, கருவாடு ஏற்றிய லொறி ஒன்று பாலத்தின் நடுவில் நின்றுபோகிற கதை. பின்னால் நிற்கிற கல்யாண வீட்டுக் கார் முழுக்க நாற்றம் ஏறும். பொம்பிளை மூக்கைப் பொத்துவாள், மாப்பிள்ளை லொறியைத் தள்ள இறங்குவான். அவ்வளவுதான். ஆனால் நல்ல மெட்டு.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பாமன்கடையில் ஒரு சலூனில் தலைமயிர் வெட்டக் குந்தியிருந்தபோது அதே பாட்டு வானொலியில் வந்தது. வேறு குரல். எழுதி இசையமைத்தவர் என்று வேறொரு பாடகரின் பெயரைச் சொன்னார்கள். கருவாடு போய், லொறியில் பூ ஏற்றியிருந்தார்கள்.

அது நடந்து சில வாரங்களில் அந்தத் துறைமுகத்துப் பாடகர் என் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் நாங்கள் இருவரும் தலையசைப்போடு நின்றவர்கள். வானொலிப் பாட்டை இசைத்தட்டாகப் போடப்போகிறார்கள் என்றார். இசைத்தட்டு வெளியிடுகிற கொம்பனியின் முதலாளியைப் போய்ப் பார்த்திருக்கிறார். முதலாளி விரட்டவில்லை, மற்றவருக்கு முன்னமே நீர் பாடினதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் தட்டில் உம்முடைய பெயரைப் போடுகிறேன் என்றாராம். அடுத்த பூரணைப் போயாவுக்கு முந்தின நாள் தேவாலயத்துக்குச் சொந்தமான அதே பங்கு மண்டபத்தில் நிகழ்ச்சி இருந்தது. முதலாளி அங்கே வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

“நீங்க எல்லாம் எழுதிறனீங்களாம் எண்டு கேள்விப்பட்டன், அண்ணை.”

எழுதினேன்தான். கொப்பியைத் திறந்து பாராமலே, என்னிடம் நாள் பிழைக்காது, கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் இருந்தார்.

நிகழ்ச்சி அன்று அரைநாள் வேலை என்பது பெயருக்குத்தான். ஆண்டுக் கணக்கெடுப்பு என்று நாலரை மணிவரை எங்களை இருத்தினார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து, கொப்பியை எடுத்துக்கொண்டு காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பஸ் நிற்காமல் போயின. நாலாவதில் ஏறினால் “இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்று கொண்டக்டர் முதுகில் தட்டித் தட்டி முன்னுக்குத் தள்ளினார். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஆசனம் கிடைத்தது. அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு துண்டுக் கடதாசி வைக்கலாம் என்று கொப்பியைத் திறந்தேன்.

அப்போதுதான் மாதம் இல்லை என்பதைக் கண்டேன்.

முந்தின குறிப்பு ஜூலையில் வந்த ஆடிவேல் விழா. பிந்தின குறிப்பு ஒக்டோபர் கடைசியில் வந்த தீபாவளி. இரண்டுக்கும் இடையில் மூன்று பூரணைகள்: ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர். இந்த மூன்றில் எதற்கு முந்தின நாள் என்று கொப்பி சொல்லவில்லை. கிழமை எழுதியிருந்தால் பஞ்சாங்கத்தில் எண்ணிக் கண்டுபிடிக்கலாம். அதுவும் இல்லை. புறக்கோட்டை வரும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிச் செட்டியார் தெருவால் ஏறி நடந்தேன்.

பாடகர் மண்டபத்தின் பக்கக் கதவடியில் நின்றார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கொப்பியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

“மாதம் எங்கை?”

விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “பேனை வைச்சிருக்கிறீங்களோ?” என்றார்.

வைத்திருந்தேன்.

“ஓகஸ்ட் எண்டு ஒரு சொல்லு போடுங்கோ. ஒரேயொரு சொல்லு. ஓகஸ்ட்தான் அண்ணை, எனக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே, தம்பி.”

“பொய் எழுதச் சொல்லி நான் கேக்கேல்லை.”

“தெரியாததை எழுதினாலும் அதுதானே.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பேனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து பொங்கோக்காரர் கூப்பிட, கொப்பியை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

மண்டபத்தில் நூறு பேர் இருக்கலாம். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு கொம்பனி முதலாளி. நான் நடுவில், மின்விசிறி எட்டாத ஓர் இடத்தில் இருந்தேன். வழக்கம்போல வரிசை எழுதப் பேனையைத் திறந்து, அன்று எழுதவில்லை. ஏழு ஐம்பத்தைந்துக்குத் தொடங்கியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. முதல் பாட்டுகள் எல்லாம் தூரத்தில் யாரோ பாடுவதுபோல் போயின. கண் எரிந்தது.

லொறிப் பாட்டை அன்று நடுவிலேயே எடுத்தார்கள். தானே கட்டியது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி முன் கெஞ்சுகிறதுபோல் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அக்கோடியன் இரண்டு அடி வாசித்ததுமே சனம் கைதட்டியது. எனக்குப் பின்னால் இரண்டு பேர்.

“அட, ரேடியோப் பாட்டு.”

“அவரின்ரை குரல் வருமா? இவர் மூக்காலை பாடுறார்.”

“கொப்பி அடிக்கிறதெண்டாலும் ஒழுங்கா அடிக்க வேணும், மச்சான்.”

திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மடியில் கொப்பி கிடந்தது. திரும்பவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இருக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும்.

சரணம் வந்ததும் சனமும் சேர்ந்து பாடியது. அவர் கருவாடு என்றார். அவர்கள் பூ என்றார்கள். நூறு பேரின் பூ ஒருவரின் கருவாட்டை மூடிவிட்டது. பிழையாகப் பாடுகிறார் என்று சிலர் சிரித்தார்கள். இரண்டாவது சரணத்தில் ஒலிவாங்கிக்கு இன்னும் கிட்ட வந்து, கழுத்து நரம்பு தெரியக் கருவாடு என்றார். மூன்றாவதில் அவரும் பூ என்று பாடினார். மண்டபம் நிறையக் கைதட்டல்.

முடிந்தபின் மேடைக்குப் பின்னால் ஒரு மேசையில் பிளேன் ரீ வைத்திருந்தார்கள். முதலாளி புறக்கோட்டையில் கடை வைத்திருந்த இந்தியக் குடும்பத்தவர், நிதானமான மனிதர். கொப்பியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டு, நல்ல கையெழுத்து என்றார். பாடகரும் நானும் மேசையின் இந்தப் பக்கம் நின்றோம்.

“பூரணைன்னு போட்டிருக்கீங்க. எந்தப் பூரணை?”

மூன்றில் ஒன்று என்றேன். மற்றப் பாடகர் அந்தப் பாட்டை முதலில் பாடியது ஓகஸ்ட் கடைசியில், அதற்கு அச்சடித்த நோட்டீஸ் தன்னிடம் இருக்கிறது என்று முதலாளி சொன்னார். ஓகஸ்ட் பூரணை அதற்கு முன்னம் வந்துபோனது. ஆகவே என் குறிப்பு ஓகஸ்ட்டுக்குரியதானால் இவர் முந்தினவர். மற்ற இரண்டில் எதுவானாலும் பிந்தினவர்.

“எதுன்னு உங்களால சொல்ல முடியுமா?”

“இப்ப முடியாது.”

அப்போது பாடகர் சொன்னார்: “அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடியப் பூசைக்குப் போயிட்டு அப்பிடியே வேலைக்குப் போனனான். பின்னேரம் இங்கை பாடினனான்.”

“நீங்க எல்லா ஞாயிறும் பூசைக்குப் போறவர்தானே, தம்பி. வேற நாளோட கலந்திருக்கலாமே,” என்றார் முதலாளி. கேலியாக அல்ல. கொப்பியை என்னிடம் தந்தார். போயா முடிந்ததும் தட்டை அச்சுக்குக் கொடுப்பதாகச் சொல்லி, ரீயைக் குடித்து முடித்துக்கொண்டு போனார்.

 பாடகர் கிற்றாருக்கு உறை போட்டார். கடைசி பஸ் போய்விடும் என்று நான் கிளம்பினேன்.

மறுநாள் போயா. விரத நாள் பார்ப்பதற்கென்று மனைவி வைத்திருந்த முந்தின ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மூன்று பூரணைகளுக்கும் முந்தின நாட்களின் கிழமையைப் பார்த்தேன். ஒக்டோபரில் புதன். செப்டெம்பரில் திங்கள். ஓகஸ்ட்டில் ஞாயிறு.

 மேசையடியில் நின்று அவர் ஞாயிறு என்றபோது அவருடைய கையில் பஞ்சாங்கம் இல்லை. எந்தக் கிழமை தனக்கு உதவும் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரிந்திருக்க முடியாது.

அடுத்த நாள் கந்தோருக்குப் பிந்திப் போவதென்று, விடியவே பஞ்சாங்கத்தோடு புறக்கோட்டைக்குப் போனேன். முதலாளி கடையைத் திறந்துகொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். விரலால் வரிசையைத் தொட்டு, தானும் எண்ணிப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரி. ஆனா ஞாயிறுன்னு சொன்னது அவரு. உங்க கொப்பி சொல்லலையே.”

 அவருடைய இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் என்னை மிகவும் களைக்கச் செய்தது. தட்டு இரண்டு மாதத்தில் வெளிவந்தது. நடுவட்டத்தில் மற்றவருடைய பெயர்.

பஞ்சாங்கத்தில் கண்டதைப் பாடகருக்குக் கடிதமாக எழுதினேன். பதில் வரவில்லை. அந்தப் பாட்டை அவர் பிறகு பாடவில்லை. அடுத்த மூன்று நிகழ்ச்சிகளின் வரிசையும் என்னிடம் இருக்கிறது, அதில் இல்லை. அதன்பின் குழுவும் கலைந்தது. அவர் வத்தளைக்குக் குடிபோனதாகச் சொன்னார்கள். நீர்கொழும்பு பஸ்ஸுக்கான வரிசையில் ஒருமுறை தூரத்தில் கண்டேன். கையுயர்த்தினேன். அவர் கண்டாரோ தெரியாது.

ஓய்வு பெற்றபின் பங்கு மண்டபத்துக்கு இரண்டு தரம் போய், மண்டபம் கொடுத்த நாட்களை எழுதிய பதிவேட்டைக் கேட்டேன். அந்த ஆண்டுகளின் பதிவேடுகள் அங்கே இல்லை. வேறிடத்துக்கு மாற்றினதாக ஒருவரும், கறையான் தின்றதாக இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆகையால் இப்படியே எழுதி வைக்கிறேன்: பாட்டு முதன்முதலில் பாடப்பட்ட மாலை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று பாடியவர் சொன்னார். அது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.