அப்பாவின் ஆடி விதைப்பு

கண்ணுகளா, காலையில் மாடியில் கடுகுப் புண்ணாக்கு ஊறின வாளியைத் திறந்ததும் "சீ, என்னப்பா நாத்தம்!" என்று ஓடினீர்களே, எனக்கோ அந்த நாற்றத்தில் நான் சின்னப் பையனாக இருந்த டாலிகஞ்ச் வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி என் அப்பாவுக்கு வேதவாக்கு. ஊரைவிட்டுக் கொல்கத்தாவுக்குக் குடிவந்த பிறகும் ஆடியில்தான் விதைப்பார். இங்கேயோ அப்போதுதான் மழை கொட்டும். முளைத்ததெல்லாம் அழுகிப்போகும். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, எங்களுக்கெல்லாம் மாஷிமா, மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "மழைக்கு விருந்து வைக்கிறியா பாபா? துர்கா பூஜை முடியட்டும், மழை விட்டுடும், அப்புறம் விதை."

அப்பா கேட்கமாட்டார். மூன்றாவது வருஷமும் அழுகியபோது அம்மா சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கொல்லை பூரா சிமெண்ட் பூசி வடாம் காயப்போட்டுடுவேன்."

தோட்டம் கையைவிட்டுப் போய்விடுமே என்று அப்பாவுக்குப் பயம். அடுத்த வருஷம் பூஜை முடிகிறவரை பொறுத்திருந்து, மாஷிமா சொன்னபடி புண்ணாக்குத் தண்ணீர் விட்டு, முள்ளங்கியும் கொத்தமல்லியும் போட்டார். மார்கழியில் மண்ணிலிருந்து பிடுங்கின முள்ளங்கி என் கையால் ஒரு முழம் இருந்தது. அதை ஈரத்தோடு மாஷிமாவிடம் நீட்டினார்.

"நான் அப்பவே சொல்லலை?" என்றார் மாஷிமா.

"பழமொழி தப்பில்லை மாஷிமா. இந்த ஊருக்கு ஆடி கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான்."

அம்மா சிரித்த சிரிப்பு மாஷிமா வீட்டுக்கும் கேட்டது. அன்றைக்கு இரண்டு வீட்டிலும் முள்ளங்கி சாம்பார்.

நம் தெருவில் பூஜைப் பந்தலைப் பிரித்தாயிற்று. வாங்க பிள்ளைகளா, நமக்கும் ஆடி பிறந்தாச்சு.