மொம்பாசாவில் நான் சாப்பிட்டது

தேயிலைக் கம்பனி வேலையாக நான் கென்யாவின் மொம்பாசாவில் இருந்தது பன்னிரண்டே நாள். அதை வைத்துக் கண்டியில் எட்டு வருடம் பேசிவிட்டேன். சோள மாவில் கிண்டும் உகாலி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், கரியில் சுட்ட ஆட்டிறைச்சி. யாராவது அந்தப் பக்கம் பயணம் என்றால் போதும், வீடு தேடிப் போய் எதையெல்லாம் விடக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவேன். உண்மை என்னவென்றால், அந்நிய ஊரில் வயிறு கெட்டால் யார் பார்ப்பார்கள் என்று நடுங்கி, பன்னிரண்டு நாளும் மேரி பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். அது எனக்கும் என் வயிற்றுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நம்பியிருந்தேன்.

போன மாதம், அங்கே என்னோடு வேலை செய்த மொம்பாசாக்காரர் ஒருவர் கண்டிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்ததும் நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே?

"நல்லதாப் போச்சுங்க," என்றாள் மனைவி. "அந்த உகாலிய நீங்களே கிண்டிருங்க. எட்டு வருஷமா காதால கேட்டது, ஒரு நாளாச்சும் கண்ணால பாப்போம்."

சனிக்கிழமை மார்க்கெட் முழுக்க அலைந்து வெள்ளைச் சோள மா வாங்கினேன். ஞாயிறு காலை குளியலறையைப் பூட்டிக்கொண்டு போனில் செய்முறையை மூன்று தரம் பார்த்தேன். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

கொதிநீரில் மாவைக் கொட்டிக் கிண்டினால், அகப்பை நட்ட கம்பம் போல நின்றது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, இது நம்ம களிதானே?"

"களி வேற, உகாலி வேற மாமி." எப்படி வேறு என்று கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

விருந்தாளி வந்தார். அவர் பேசியது ஆங்கிலம். வீட்டில் மற்ற இருவருக்கும் அது எட்டாது. மொழிபெயர்ப்பு என் கையில் என்பதால் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் உகாலியைப் பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, முட்டைக்கோவாப் பொரியலை அள்ளி வாயில் போட்டார். பிறகு, "இப்போதாவது சாப்பிடுகிறாயா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்.

"அங்க நான் ஒரு ஆட்டுத் தொடையத் தனியாத் தின்னத நெனச்சுச் சிரிக்கிறாரு," என்றேன்.

அவர் என் தோளில் தட்டி, மனைவியைப் பார்த்து, அங்கே எனக்கு வைத்திருந்த பெயரைச் சொன்னார்.

"ப்வானா பிஸ்குத்தி!"

ப்வானா என்றால் ஐயா. மற்றதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. போதாததற்கு அணில் கொறிப்பது போல நடித்தும் காட்டினார்.

மனைவி எழுந்து போய், ஒரு தட்டில் மேரி பிஸ்கட்டை அடுக்கி என் முன்னால் வைத்தாள். "காலையில குளியலறைக்குள்ள யாரோ இங்கிலீஷ்ல உகாலி கிண்டுனப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேங்க."

மானத்தைக் காப்பாற்ற, வாழ்நாளில் முதல் தடவையாக உகாலியை வாயில் வைத்தேன். கட்டி கட்டியாக, உள்ளே பச்சை மாவு. விருந்தாளி என் காதருகே குனிந்து, "இதை எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே" என்றார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"பிரமாதமா இருக்காம்."

பிஸ்கட் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.