குனியாமல் எடுத்த குறிப்புகள்

ஜோதிலட்சுமிக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், காதுகள் போய்விட்டன. இடது காதில் எதுவுமே இல்லை. வலது காதில் லாரி ஹாரன் மட்டும் எங்கோ தூரத்தில் யாரோ முனகுவதுபோல் விழும். பேசப் பழகிய பிறகு வந்த காய்ச்சல் என்பதால் பேச்சு தங்கிவிட்டது. பிறர் பேசுவதை அவர்கள் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளே பழகினாள். பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு கிராமம், அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நெல் நிலம். அந்த ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது.

உதட்டைப் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் எது என்று பிடிக்க வேண்டும். ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் வாக்கியம் கைவிட்டுப் போய்விடும்.

பள்ளியிலும் பட்டப்படிப்பிலும் புத்தகங்களை வைத்துச் சமாளித்தாள். 2007இல் பொன்னேரி கல்லூரியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தபோது அது போதவில்லை. பேராசிரியர் வீரராகவன் எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்கிறவர். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார், மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஜோதி குனிந்தால் அவர் பேச்சு போய்விடும், நிமிர்ந்தால் எழுத்து நின்றுவிடும். அதனால் அவள் எழுதுவதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பக்கத்தில் உட்காரும் ஹஸ்னாவின் நோட்டை வாங்கிப்போய்ப் பார்த்து எழுதினாள். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற ஹஸ்னா முகம் கோணாமல் நோட்டைக் கொடுப்பாள்.

முதல் செமஸ்டர் உள்தேர்வில் அந்த ஏற்பாடு உடைந்தது. பழவேற்காட்டுக்கு முதலில் போர்த்துக்கீசியர் வந்தார்கள், அதன் பிறகுதான் டச்சுக்காரர்கள். பாடம் நடந்த அன்று மதியத் தூக்கக் கலக்கத்தில் ஹஸ்னா அதை மாற்றி எழுதியிருந்தாள். ஜோதியின் விடைத்தாளிலும் அதே தப்பு, அதே வாக்கியம். வீரராகவன் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்து இருவரையும் கூப்பிட்டார்.

"யாரைப் பாத்து யார் எழுதினீங்க?"

ஹஸ்னா நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பினார், ஆனாலும் இருவருக்கும் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போடவில்லை. வெளியே வந்ததும் ஹஸ்னாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"எங்க ஊரு கதையையே நான் தப்பா எய்தி வெச்சிருக்கேன் பாரு. என்னால உனுக்கும் மார்க் போச்சு."

"உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல," என்றாள் ஜோதி. "அவர் சொல்லும்போது நான் சரியாதான் பாத்தேன். ஊட்டுக்குப் போய் உன் நோட்டப் பாத்ததும் நான்தான் தப்பா பாத்துட்டேன்னு நெனச்சிக்கினேன். இனிமே என் நோட்ஸ நானே எடுக்கப் போறேன்."

எப்படி எடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. தாளைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தாள். வரிமேல் வரி ஏறி, பாதியை அவளாலேயே படிக்க முடியவில்லை. இரண்டு வாரம் முயன்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி கடைத்தெருவில், தான் முன்பு படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டிப் போனபோது உள்ளே வரிசையாகப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் பக்கத்திலிருந்த தாளில் இருந்தது, விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜோதி அங்கேயே நின்றுவிட்டாள். பிளஸ் டூ முடித்த வருஷம் அவளும் இங்கே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் கிரேடு பாஸ் பண்ணியிருந்தாள். கட்டையைப் பார்க்காமல் அடிப்பதுதான் அங்கே கற்ற முதல் பாடம். தாளுக்குப் பதில் ஒரு முகத்தைப் பார்த்து அடித்தால் என்ன?

அண்ணன் அன்புசெல்வன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதி சொன்னதும் அங்கே ஆபீசில் ஒதுக்கிப் போட்ட பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். செங்கல் கட்டு மாதிரி கனம்.

"பேட்டரி பேஜாரு. பத்து நிமிஷம் நிக்கும், அவ்ளோதான். பிளக்குலயே வெச்சிக்கினு இருக்கணும்," என்றான். டைப்ரைட்டரில் இருந்த அதே இடங்களில் எழுத்து வரும் தமிழ் கீபோர்டு ஒன்றையும் யாரையோ பிடித்து அதில் போட்டுக்கொடுத்தான்.

மறுநாள் ஜோதி, வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பெடுக்க அனுமதி கேட்டு வீரராகவனைப் போய்ப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"கையால எழுதினாதான்மா மனசுல நிக்கும். நான் முப்பது வருஷமாப் பாக்கறேன். அதுவுமில்லாம பரீட்சையைக் கையாலதானே எழுதப் போற?"

"மனசுல நிக்கறதுக்கு முன்னாடி உள்ள வரணும் சார். குனிஞ்சா எனக்கு எதுவும் உள்ள வராது."

அவர் டைம்டேபிளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஒரு வாரம் பாக்கலாம். கிளாஸுக்குத் தொந்தரவு இருந்தா நிறுத்திடணும்," என்றார்.

தொந்தரவு முதல் நாளே இருந்தது. வகுப்பில் இருந்த ஒரே பிளக் கரும்பலகைக்குக் கீழே. அன்புசெல்வன் செய்துகொடுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை முதல் பெஞ்சு வரை இழுத்து மாட்டினாள். வகுப்பு தொடங்கியது, விரல்கள் ஓடின. வீரராகவன் சொன்னது வரிவரியாகத் திரையில் விழுந்தது. படிப்புக் காலத்தில் முதல் முறையாக ஒரு வகுப்பு முழுவதும் தன் கையில் சேர்கிறது என்ற நினைப்பில் அவள் இன்னும் ஓங்கி அடித்தாள். மணி அடித்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான்கைந்து பேர் அவளை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹஸ்னா அவள் முகத்துக்கு நேராக வந்து மெதுவாகச் சொன்னாள். "டக் டக்குனு ஆணி அடிக்கற மாதிரி இருக்குடி. சார் பேசறதே காதுல வியல."

டைப்ரைட்டரில் ஓங்கி அடித்துப் பழகிய விரல்கள் அவளுடையவை. அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் லேப்டாப்புக்குக் கீழே ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டாள். அம்மா மணியம்மாளை எதிரே சுவரோரம் உட்காரவைத்து, "சத்தம் கேட்டா கையத் தூக்கும்மா," என்றாள். அம்மா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். முதல் நாள் கை கீழே இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் எப்போதாவது தூக்கினாள். எந்த அளவு அழுத்தினால் எழுத்து விழும், சத்தம் பெரிதாக எழாது என்பதை விரல்நுனியிலேயே ஜோதி கண்டுபிடித்தாள். வாரம் முடிவதற்குள் பின்பெஞ்சுக்காரர்கள் முறைப்பதை நிறுத்தினார்கள். வீரராகவன் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். பேசிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். அப்போதெல்லாம் ஜோதியின் விரல்கள் நின்றுவிடும். முகம் இல்லாத இடங்களில் திரையில் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொள்வாள். எப்போது சொல்லலாம் என்று அவள் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அவர் பலகையில் எழுதிக்கொண்டே பேசிவந்தவர் சட்டென்று நிறுத்தித் திரும்பினார்.

"உன் கீபோர்டு சத்தம் நின்னுபோச்சே, ஏன்?"

"உங்க மொகம் தெரியல சார்."

"நான் திரும்பறப்பல்லாம் நிக்குதா?"

"ஆமா சார்."

அவர் சாக்பீஸை மேசையில் வைத்தார். விட்டதை முதலிலிருந்து சொன்னார், இந்த முறை அவளைப் பார்த்து. அதற்குப் பிறகு எழுதும்போது எழுதினார், பேசும்போது வகுப்பைப் பார்த்துப் பேசினார். சில சமயம் மறந்து திரும்பிவிடுவார். அந்த மெல்லிய சத்தம் நின்றதும் தானே இந்தப் பக்கம் வந்துவிடுவார்.

2008இல் மின்வெட்டு தொடங்கியது. பல நாள் அது சரியாக அவர் வகுப்பு நேரத்திலேயே வந்தது. பத்து நிமிஷத்தில் திரை அணைந்துவிடும். அந்த நாட்களில் ஜோதி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் அவர் முகத்தில் வைத்திருந்தாள். மணி அடித்ததும் எல்லாரும் கேன்டீனுக்குப் போவார்கள். அவள் எழுந்திருக்காமல் நோட்டை விரித்து, நினைவில் இருந்ததையெல்லாம் கையால் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். டைப் செய்தவற்றை வீட்டில் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. இப்படி எழுதியவற்றைப் படிக்காமலே சொல்ல முடிந்தது. சார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்று ஹஸ்னாவிடம் ஒப்புக்கொண்டாள்.

"அப்போ பொட்டிய உட்டுடறியா?" என்று ஹஸ்னா கேட்டாள்.

"எதுக்கு உடணும்? இதுல எட்டு விசயம்தான் தங்குது. அதுல எம்பது வருது. எனுக்கு எம்பதும் வேணும்."

மாதிரித் தேர்வில் இன்னொரு அடி விழுந்தது. மூன்று மணி நேரத்தில் ஐந்து பெரிய கேள்விகள். நான்காவதிலேயே மணிக்கட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டது. தொடர்ந்து எழுதும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு வந்தவள் யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் காலை நாஷ்டாவுக்கு முன்பு ஒரு கேள்வி, கடிகாரம் வைத்து முப்பத்தைந்து நிமிஷம். டைப் செய்த குறிப்புகளைப் படித்து மூடிவிட்டுக் கையால் எழுதினாள். நடவு நாட்களில் வயலுக்குச் சோறு கொண்டுபோக ஆள் இல்லாமல் அப்பா கூப்பிட்டபோதுகூட, எழுதி முடித்த பிறகுதான் கிளம்பினாள். நான்கு மாதத்தில் முப்பத்தைந்து நிமிஷம் அவளுக்குப் போதுமானதாகிவிட்டது.

2009 ஜூனில் முடிவு வந்தது. போனில் பேச முடியாதென்று அன்புசெல்வன் கம்பெனியிலிருந்து மெசேஜ் அனுப்பினான். முதல் வகுப்பு, துறையில் இரண்டாவது இடம். மணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹஸ்னாவும் பாஸ். அவள் தன் பங்குக்கு பஸ் ஏறி வந்து ஜோதியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

எம்.ஃபில். படிக்கச் சென்னையில் விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வில் துறைத்தலைவர் அவளுடைய செவித்திறன் குறைபாட்டுச் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு நிமிர்ந்தார். கருத்தரங்கு வகுப்பெல்லாம் உண்டு, எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்.

"முன் பெஞ்சுல ஒரு எடம், ஒரு பிளக் பாயின்ட். பேசறவங்க என்னைப் பாத்துப் பேசணும் சார்," என்றாள் ஜோதிலட்சுமி. "மீதிய நான் பாத்துக்கறேன்."

அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது.