ரெண்டு மூட்டைக் கத்தரிக்கா

ராஜபாளையம் காய்கறி மார்க்கெட்டுல பால்சாமி அண்ணாச்சியத் தெரியாதுன்னு ஒருத்தன் சொன்னா, அவன் நேத்துப் பொறந்தவனாத்தான் இருக்கணும். ஆளு ஒல்லி. வாயி மட்டும் மூணு ஆளு அகலம். ஒருக்கா அவரு கடைக்கு வந்த பூசணிக்கா மேல ஏறி நின்னா சஞ்சீவி மலைக்கு அந்தப் பக்கம் மாடு மேயுறது தெரிஞ்சுதும்பாரு. அவரு வீட்டு நாயி குரைச்சா வத்திராயிருப்புல பஸ்ஸு பிரேக் போட்டு நின்னுரும்பாரு. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்பாமச் சிரிக்கதுதான் அதுல சொகம்.

அம்புட்டுப் பொய்யில ஒரே ஒரு பொய்ய ஒரு புள்ள நம்பிருச்சு. அதுல விழுந்த மனுசன் இன்னும் எந்திரிச்சபாடில்ல.

எண்பத்தெட்டாம் வருசம். அப்ப அவருகிட்ட ஒரு ஓட்டை மெட்டடோர் வேன் இருந்துச்சு. வடக்க மதுரை ரோட்டுல ஒரு மணி நேரம் போனா ஒரு பொம்பளப்புள்ளைக காலேஜு. தெக்க தென்காசி ரோட்டுல ஒரு மணி நேரம் போனா இன்னொண்ணு. ரெண்டு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் இவருதான் காய் போடுவாரு. இவரு படிச்சது மூணாங்கிளாஸ். அதுலயும் பாதி நாளு வாத்தியாருக்கு வெத்தலை வாங்கப் போனதுலயே கழிஞ்சிருச்சு. காலேஜுன்னா இவருக்குப் பின்வாசல்தான். அங்கன குமிஞ்சு கெடக்க எச்சித்தட்டப் பாத்தே எல்லாம் சொல்லிருவாரு. "தட்டுல சோறு மிச்சம் கெடந்தா புள்ளைக வெளிய வாங்கித் தின்னுட்டு ஆட்டம் போடுதுகன்னு அர்த்தம். தட்டு வழிச்சுக் கெடந்தா பரீட்சை வருதுன்னு அர்த்தம். வடக்க வருசம் பூரா வழிச்ச தட்டுதான்"ம்பாரு.

அவரு தெருவுலயே குடியிருக்கவரு, நூல் மில்லுல வேலை பாக்குற ஞானதுரை. அவருக்கு ஒத்தைப் புள்ள, பரிபூரணம். பன்னெண்டாவதுல கணக்குல எரநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு. ஆனா அந்தப் புள்ள ஒரு நாளைக்கு ஒம்பது வார்த்தைக்கு மேல பேசினா அன்னைக்கு மழை பெய்யும். ரெண்டு காலேஜுலயும் அதுக்கு எடம் கெடச்சிருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணுல போய்ச் சேரணும். புதன்கிழமை மத்தியானம் அப்பனும் மகளும் கடைக்கு வந்துட்டாங்க.

"மச்சான், ரெண்டு காலேஜுக்கு உள்ளயும் போய் வார ஒரே ஆளு நீதான். நீயே சொல்லு"ன்னாரு ஞானதுரை. "வடக்க படிப்புன்னா படிப்பு. வருசா வருசம் ரேங்க் எடுக்குதுக. தெக்க பாட்டு, கூத்து, டூரு. இவ தெக்கதான் போவேங்கா."

"எதுக்குட்டி தெக்க?"ன்னாரு பால்சாமி.

"பள்ளிக்கூடத்துல இருந்து போட்டிக்கு அங்க போனோம் மாமா. அந்த அக்காமாரு என் கையப் பிடிச்சு கோ-கோ ஆட்டத்துல சேத்துக்கிட்டாங்க. எம்பேரு கேட்டாங்க. சாயந்தரம் பஸ் ஏறுற வரைக்கும் மறக்கல."

ஒம்பது வார்த்தைய எப்பவோ தாண்டிட்டா. பால்சாமி மட்டும் அன்னைக்கு ஒழுங்கான மனநிலையில இருந்திருந்தா "போய்ட்டு வா தாயி"ன்னுருப்பாரு. ஆனா அன்னைக்குக் காலையிலதான் தெக்குக் காலேஜு மெஸ்ஸுல அவரு எறக்குன ரெண்டு மூட்டைக் கத்தரிக்காய நடுமுத்தத்துல கொட்டி, "பூரா சொத்தை, அள்ளிட்டுப் போங்க"ன்னுட்டாங்க. மாடியில நின்ன புள்ளைகள்லாம் சிரிச்சுதுக. ஊரையே சிரிக்க வைக்குற மனுசன், அவரப் பாத்து ஊரு சிரிச்சா மட்டும் தாங்க மாட்டாரு. சொத்தையென்னமோ சொத்தைதான். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு புழு குடும்பத்தோட குடியிருந்துச்சு. ஆனா வயித்தெரிச்சல் அதையெல்லாம் பாக்குமா?

"தெக்கயா? ஆத்தாடி!"ன்னு ஆரம்பிச்சாரு. "முந்தாநாளு சாம்பார் வாளியில கரண்டிய விட்டா ஓணான் வருது மச்சான். வெந்த ஓணான். வெந்த பொறவும் தலைய ஆட்டுது. உப்பு கம்மின்னு சொல்லுதாம்! அந்தப் பாட்டுக் கூத்தெல்லாம் வெளிய காட்டத்தான். புதுசா வந்த புள்ளைய அழ வச்சுட்டுத்தான் அங்க சோறே போடுவாளுக."

ஞானதுரை வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. பரிபூரணம் சிரிக்கல.

"அழ வைப்பாங்களா மாமா?"

அந்த எடத்துல "சும்மா சொன்னேன் தாயி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு. வாயி வரைக்கும் வந்துச்சு. கூடவே நடுமுத்தத்துல உருண்ட கத்தரிக்காயும் ஞாபகம் வந்துச்சு.

"பின்னே?"ன்னுட்டாரு.

வெள்ளிக்கிழமை பரிபூரணம் வடக்க போய்ச் சேந்துட்டா.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரு ஓடுன மறுநாளு பால்சாமி வடக்க காய் எறக்கப் போனாரு. அங்க சமையல் பாக்குற இசக்கியம்மா, "அண்ணாச்சி, அந்தக் கடைசி பெஞ்சுப் புள்ள உங்க ஊராமே. ஊமையா?"ன்னா.

எட்டிப் பாத்தா, நீள பெஞ்சுக்கு அந்தக் கோடியில பரிபூரணம் ஒத்தையா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கா. இங்கிட்டு நாப்பது புள்ளைக இடிச்சுக்கிட்டு உக்காந்து இங்கிலீசுல கலகலன்னு பேசுதுக. நடுவுல ஒரு ஆளு படுத்து உருளுற அளவுக்கு எடம் காலி. அவ தட்டு தொடச்ச மாதிரி இருந்துச்சு. பரீட்சை ஒண்ணும் இல்ல. பேச ஆளில்லாதவ சோத்தத்தான பாத்துக்கிட்டு இருப்பா?

அன்னைக்கு வேன் ஓட்டிட்டு வரும்போது பால்சாமி எதுக்க வந்த லாரிக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் இல்ல அவரு.

அதுல இருந்து வடக்க போகும்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல வண்டிய நிறுத்தி, கால் கிலோ பால்கோவா வாங்கிட்டுப் போய் அவ கையில குடுப்பாரு. "எதுக்கு மாமா?"ம்பா. "வழியில கெடந்துச்சு"ம்பாரு. அவ அதையும் ஒத்தையாத்தான் திம்பா. தெக்குக் காலேஜு ஆபீஸுலயும் போய், "இப்பச் சேத்துக்கிட மாட்டீங்களா?"ன்னு தலையச் சொறிஞ்சு பாத்தாரு. அடுத்த வருசந்தான்னுட்டாங்க. மார்க்கெட்டுல ஒரு வாரம் அவரு பூசணிக்கா பூசணிக்கா அளவுலயே இருந்துச்சு. அவரு பொஞ்சாதி செல்லத்தாய் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, "ஏங்க, நாலு நாளா நெசத்தையே பேசுதீங்களே, காய்ச்சலா?"ன்னா.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பரிபூரணம், திரும்பிப் போக மாட்டேன்னுட்டா. படிப்பே வேண்டாம், மில்லுல சேத்து விடுங்கன்னுட்டா. ஞானதுரை நேரா கடைக்கு வந்தாரு. "நீ சொல்லித்தான மச்சான் வடக்க போனா? நீயே சொல்லிக் கூட்டிட்டுப் போ."

முட்டைக்கோசு மூட்டைக்கு முன்னால அவள உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. கிருஷ்ணன்கோவில் தாண்டுனப்பத் தொண்டையக் கனைச்சாரு. அதுக்கு மேல எஞ்சின்தான் பேசுச்சு. மெஸ்ஸுப் பின்வாசல்ல எறங்குனதும் போட்டு ஒடச்சுட்டாரு.

"ஏட்டி, ஓணானும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கத்தரிக்காயச் சொத்தைன்னு கொட்டிட்டாங்க. அந்த வயித்தெரிச்சல்ல சொன்ன பொய்யி. என்னால நீ இங்க வந்து கெடந்து சீரழியுத. என்னைய நாலு அடி அடி."

பரிபூரணம் அவரப் பாத்தா. மீசையில வேர்வை சொட்ட, கையில முட்டைக்கோச வச்சுக்கிட்டு நிக்காரு. "கத்தரிக்காய்க்காகவா?"ன்னா. பொறவு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, பாத்திரம் வெளக்கிட்டு இருந்த இசக்கியம்மா கரண்டியக் கீழ போட்டுட்டா. ஆறு மாசமாச் சேத்து வச்சிருந்த சிரிப்பு. வளைஞ்சு, சுவத்தப் பிடிச்சு, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கா. "என்னையச் சிரிக்க வச்சு இங்க இருக்க வைக்கதுக்கு இப்பிடியெல்லாம் கதை கட்டுதீங்களே மாமா!"

"இல்லட்டி, நெசம்!"

"வெந்த ஓணான் தலை ஆட்டுச்சுன்னப்பவும் இதே மூஞ்சியத்தான வச்சிருந்தீங்க!"

சத்தம் கேட்டு நாலு புள்ளைக வந்துச்சுக. "ஏ, இவ சிரிப்பாளா? என்னப்பா விஷயம்?" பரிபூரணம் மூச்சு வாங்கிக்கிட்டே கத்தரிக்காயில ஆரம்பிச்சு ஓணான் வரைக்கும் சொன்னா. ஒம்பது வார்த்தையில்ல, ஒம்போதாயிரம் வார்த்தை. அதுக கூடச் சேந்து சிரிச்சுட்டு, "அங்கிள், இன்னொண்ணு சொல்லுங்க"ன்னுதுக. வேற வழி? பூசணிக்காயச் சொன்னாரு. அடுத்த வாரம் பின்வாசல்ல பத்துப் புள்ளைக காத்துக் கெடந்துச்சுக, நடுவுல பரிபூரணம். பால்கோவா பத்துப் பங்காச்சு. மில்லுப் பேச்சு அதோட போச்சு.

ஊரு என்ன சொல்லும்? அண்ணாச்சி புள்ளையக் காப்பாத்திட்டாருன்னு சொல்லும். சொல்லத்தான் செஞ்சுது. அதுதான் அவருக்கு முள்ளு. தப்புக்குத் திட்டு வாங்கியிருந்தா செமிச்சிருக்கும். இவருக்குத் திட்டுக்குப் பதிலா கும்பிடு கெடச்சுது. கும்பிடு எப்பிடி செமிக்கும்?

தொண்ணூத்தி நாலுல பரிபூரணத்துக்குத் திருநெல்வேலியில பேங்கு வேலை. சேரப் போறதுக்கு மொத நாளு மார்க்கெட்டுக்கு வந்தா. தராசுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "அந்த ஓணான் கதைய ஒருக்கா சொல்லுங்க மாமா"ன்னா.

பால்சாமி இந்தத் தடவை கைய ஆட்டல, மீசைய முறுக்கல. எடைக்கல்லக் கீழ வச்சாரு. "பூரணம், அது நெசமாவே பொய்யி தாயி. நீ தெக்க போயிருக்கணும். உன்னையத் திருப்பி விட்டது நாந்தான். ரெண்டு மூட்டைக் கத்தரிக்காய்க்காக."

அவ சிரிப்பு அப்பிடியே நின்னுச்சு. "நெசமாவா?"

அவரு தராசுத் தட்டத் துண்டால தொடச்சாரு.

"மொத ஆறு மாசம் நான் பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டுத்தான் மாமா அழுவேன்"ன்னா. "சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல."

அவ மூஞ்சி, அன்னைக்கு "அழ வைப்பாங்களா மாமா?"ன்னு கேட்ட அதே மூஞ்சியா ஆயிருச்சு. இந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் மனுசன் ஆறு வருசமாக் காத்துக் கெடந்தாரு. வந்துச்சு. நின்னு வாங்கிக்கிட முடியல.

"அடி கூறுகெட்டவளே, நம்பிட்டியா!"ன்னு தொடையத் தட்டுனாரு. "ஓணான் இல்லட்டி, உடும்பு! வாலு வாளிக்கு வெளிய தொங்குச்சு. வார்டன் அம்மா துண்டுன்னு நெனச்சுக் கையத் தொடச்சுட்டா!"

பரிபூரணம் நெஞ்சுல கைய வச்சு மூச்ச விட்டா. "போங்க மாமா, செத்த நேரம் பயந்துட்டேன்"ன்னு ஒரு கேரட்ட எடுத்து அவரு மேல எறிஞ்சா. சிரிச்சா. அவரும் சிரிச்சாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிப் போனா.

இப்பவும் அவரு கடையில கத்தரிக்கா மூட்டையப் பிரிச்சா, ஒவ்வொரு காயையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பாரு. சின்ன ஓட்டை இருந்தாலும் எடுத்துத் தனியாப் போட்டுருவாரு. மத்தக் காயெல்லாம் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுற மனுசன்.

"என்ன அண்ணாச்சி, கத்தரிக்காய்க்கு மட்டும் இம்புட்டுப் பக்குவம்?"ன்னு யாராச்சும் கேப்பாங்க.

அதுக்கு மட்டும் அவருகிட்ட கதை கெடையாது.