பதினொரு நிமிடத்தில் விழுந்த டிக்

எங்கள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் ஒரு சட்டையைப் பார்த்து முடிக்க எனக்கு மூன்று நிமிடம் ஆகும். காலர், கை, பாக்கெட், பட்டன், தையல் விட்ட இடம், கறை. எல்லாம் பார்த்த பிறகு என் எண் அச்சடித்த சின்ன ஸ்டிக்கரை உள்பக்கம் ஒட்டுவேன். அந்தச் சட்டை எந்த நாட்டிலிருந்து திரும்பி வந்தாலும் ஸ்டிக்கரைப் பார்த்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு முறையும் எல்லோர் முன்னாலும் நின்று திட்டு வாங்கினேன்.

அதனால்தான் துணை தேடும் செயலி ஒன்றில் ஒரு ஆணின் படத்துக்குக் கீழே பச்சை டிக் போட்டு ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பினேன். எங்கேயோ ஒரு மேஜையில், என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

எனக்கு நாற்பத்தாறு வயது. பத்தாவது வரை படித்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம், பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் என்று வருடங்கள் போய்விட்டன, கல்யாணம் நடக்கவில்லை. இப்போது அண்ணனூரில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு உள்ள போர்ஷனில் தனியாக இருக்கிறேன். ரயிலில் உட்கார இடம் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஆவடியிலிருந்தே கூட்டமாக வரும் வண்டியில் பட்டரவாக்கம் வரை நின்றுகொண்டேதான் போவேன்.

இந்தச் செயலிப் பேச்சை ஆரம்பித்தவள் பக்கத்து இஸ்திரி மேஜைக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். "இன்னாக்கா, வாரா வாரம் மாங்காட்டுல வெளக்கு போட்டுகினு கீற. அம்மனுக்கு வேற வேல இல்லியா? போனைக் குடு" என்று வாங்கி அவளே ஏற்றிக் கொடுத்தாள்.

முதலில் காசில்லாத ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள் வந்த படங்களைப் பற்றி எழுத மாட்டேன். போனை முந்தானையில் மூடிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் அழித்தேன். இரண்டாவது, கல்யாண வரன் பார்த்துக் கொடுப்பது. அதில் சாதியும் நட்சத்திரமும் கொடுக்காமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. அங்கிருந்து பேசிய பெண், இந்த வயதில் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூன்றாவதுதான் இது. பணம் கட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். ஒவ்வொருவரையும் நாங்கள் சரிபார்க்கிறோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பணம் கட்டச் சொல்கிறார்கள் என்பதே அப்போது எனக்கு நம்பிக்கை தந்தது. சும்மா சுற்றுகிறவன் காசு செலவழிக்க மாட்டான் அல்லவா. தீபாவளி போனஸிலிருந்து கட்டினேன்.

இரண்டாவது வாரம் அவர் எழுதினார். பூந்தமல்லியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஐம்பத்தொரு வயது. மனைவி இறந்துவிட்டார். ஒரு மகள் கல்லூரியில் படிக்கிறாள். பச்சை டிக் இருந்தது. என்ன சமைத்தீர்கள் என்று கேட்பார். முழங்கால் வலி என்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் எழுதியதைப் படிப்பதற்காகவே நான் வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காடு கோயில் வாசலில் பார்க்கலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

மனைவி போய் நான்கு வருடம் என்று முதலில் சொல்லியிருந்தார். பிறகு ஒரு நாள், வேறு எதையோ சொல்லும்போது, ஆறு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன் என்று எழுதினார். இரண்டு வருட வித்தியாசம். எனக்குக் கால் அங்குலம் கூடினாலே கை தானாக டேப்பை எடுக்கும். அவரைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் செயலிக் கம்பெனிக்கு எழுதினேன். இவரை யார் பார்த்தது, மனைவி இறந்தவர் என்பதை எதைக் கேட்டுப் பார்த்தீர்கள்? உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு வேலை செய்வார். நல்ல சட்டைகளுக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு டேமேஜ் பீஸைச் சொருகிவிடுவார். அதையும் பாஸ் செய்தவள் தூங்குகிறாள் என்று அர்த்தம். நானும் ஒன்றைச் சொருகினேன். இஸ்திரி மேஜைக்காரியின் நம்பரில், என் போனிலேயே, ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டி, ஆண் பெயரில் ஒரு கணக்கு. படமாக அப்பாவின் பழைய படம். அத்தாட்சியாக ஆவடி தொழிற்சாலையில் அவருக்குக் கொடுத்த அடையாள அட்டை. நான் எழுதிய வயதுக்கும் அட்டையில் இருந்த பிறந்த வருடத்துக்கும் முப்பது வருட வித்தியாசம். பெயரும் வேறு. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

பதினொரு நிமிடத்தில் அப்பாவுக்குப் பச்சை டிக் விழுந்தது.

போனை அவளிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "செத்தவருக்கே குடுத்துட்டானுங்களா? அப்போ உயிரோட கீறவனுக்கு ஊட்டுல பொண்டாட்டி கீறாளா இல்லியான்னு எங்க பாக்கப் போறானுங்கக்கா" என்றாள்.

அன்றைக்கே அந்தக் கணக்கை அழித்திருக்க வேண்டும். கோபத்தில் மறந்துபோனேன். மூன்றாம் நாள் அதைத் திறந்தபோது அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கரையான்சாவடியில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண். என்னைவிட மூன்று வயது குறைவு. நான்கே வரிகள். உங்கள் முகத்தில் அவசரம் தெரியவில்லை. நானாக யாருக்கும் இதுவரை எழுதியதில்லை. டிக் இருப்பதால் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் நின்று படித்தேன். என் வண்டி வந்து போனது. நான் ஏறவில்லை.

உண்மையை எழுதி என் நம்பரையும் கொடுத்தேன். அந்தப் பெண் உடனே கூப்பிட்டார்.

"நீங்க பொம்பளையா?"

"ஆமாங்க."

"அப்ப அந்தப் படத்துல இருக்கறவரு?"

"எங்கப்பாங்க. இப்ப இல்ல."

பின்னால் கடைச் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன், கம்பெனியின் ஏமாற்றைச் சொன்னேன், அந்தப் பூந்தமல்லிக்காரர் விஷயத்தையும் சொன்னேன்.

"உங்களுக்குச் சந்தேகம்னா அந்தாள நேரா கேக்கறதுதானே? அதுக்கு எங்கள மாதிரி ஆளுங்கள எதுக்கு வெச்சுப் பாத்தீங்க? அந்த நாலு வரிய எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. கணக்கை அழித்தேன். அன்று மாலையே பூந்தமல்லிக்காரரிடம் நேராகக் கேட்டேன். நான்கு வருடமா, ஆறு வருடமா? உங்கள் மகளிடம் ஒரு முறை போனில் பேசலாமா? இரண்டே கேள்விகள்.

"டிக் போட்டுக் குடுத்திருக்காங்களேம்மா. அதுக்கு மேல நான் என்ன காட்டணும்? ஞாயித்துக்கெழம வாங்க, நேர்ல பேசலாம்" என்று எழுதினார்.

இதில் எத்தனை முறை டேப் வைத்தாலும் எனக்கு அளவு வரவில்லை. ஏமாற்றுகிறவனும் இப்படி எழுதுவான். மனது புண்பட்ட ஒரு நல்ல மனிதரும் இப்படித்தான் எழுதுவார். நான்கு வருடம் என்பது மனைவி இறந்த கணக்காகவும், ஆறு என்பது அந்த அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து எண்ணியதாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டிலும் அம்மா படுத்த நாளிலிருந்துதான் நான் எண்ணுவேன்.

ஞாயிற்றுக்கிழமை தலை வாரி, நல்ல புடவை கட்டி, ஆவடி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பூந்தமல்லி பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. கண்டக்டர், "ஏறும்மா, எடம் கீது" என்றார். நான் வேறு பஸ்ஸுக்கு நிற்பவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து வந்தது. "ஒரு மணி நேரமா நிக்கறேன். ஒடம்பு சரியில்லையா?"

என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்தேன். மறுநாள் காலையில் அவருடைய கணக்கே இல்லை. நாங்கள் எழுதிக்கொண்டதும் அதோடு போய்விட்டது. மதியம் கம்பெனி ஒரு செய்தி அனுப்பியது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள், இன்னும் மூன்று மாதத்துக்குச் சலுகை விலையில் புதுப்பிக்கலாம்.

ஒருவேளை அவர் உண்மையைச் சொன்னவராக இருந்தால், முழங்கால் வலியோடு அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார், நான் வரவே இல்லை. பொய் சொன்னவராக இருந்தால் நான் தப்பித்தேன். எது என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் பணம் கட்டினேன்.