நாற்பத்தேழாம் டோக்கனும் நான் விட்ட பாம்பும்

கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி திருடனைப் பிடித்ததாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவன் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பது அடுத்தவர் செல்போனைத்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனி. உள்ளே போன் கொண்டு போகக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போவார்கள். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் புறாக்கூண்டு மாதிரி வரிசையாகப் பொந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொன்றிலும் ஒரு போன். என் பெயர் கன்னியப்பன் என்று சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது, மற்றபடி நான் கேட்டு தாத்தா. பாஸ்வேர்டை மறந்துவிட்டு, சொந்தக் கணக்குக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றவர் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.

பதிமூன்றாம் பொந்து

எட்டு மணி நேரமும் பொந்துகள் பாடிக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியுமா? போன் வாங்க வருகிறவர்களிடம் கதை விடுவேன். அதில் பேர் போனது பாம்புக் கதை. மழைக் காலத்தில் பின்னால் இருக்கும் ஏரியிலிருந்து ஒரு மலைப்பாம்பு வந்து பதிமூன்றாம் பொந்தில் இருந்த போனை விழுங்கிவிட்டது. நான் என்ன செய்தேன்? அந்த நம்பருக்கு ரிங் விட்டேன். பாம்பு வயிற்றுக்குள் சாமி பாட்டு கேட்டது. பாட்டைப் பின்தொடர்ந்து கால்வாய் வரைக்கும் போய், வாலைப் பிடித்துத் தலைகீழாக உதறினேன். போன் வந்து விழுந்தது, இரண்டு கோடு சார்ஜ்கூட மிச்சம் இருந்தது.

நான் சொல்வதில் முக்கால்வாசி பொய் என்று கம்பெனிக்கே தெரியும். மீதிக் கால்வாசியும் பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும். பேக்கிங் செக்ஷன் விமலா, டோக்கன் நாற்பத்தேழு, முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாம்பு சாட்சி சொல்ல வராதுன்ற தைரியத்துல பேசற தாத்தா நீ."

எண்பது பேருக்கு ஒரு ஜாமீன்

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆபீசில் திடீரென்று ஒரு உத்தரவு. ஆளாளுக்கு ஒரு மெயில் கணக்கு வேண்டுமாம். பேத்தி எனக்கு ஒன்று திறந்து கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன். அந்தப் படிப்பு போதாதா? போன்களெல்லாம் என் கையில்தான் இருந்தன. ஆளை உட்கார வைத்து, ஒரு நாளைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று எண்பது பேருக்குத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்டு வைக்க ஒரு சுலப வழியும் கண்டுபிடித்தேன். அன்றைக்கு கேன்டீனில் என்ன சாப்பாடோ அது, பக்கத்தில் டோக்கன் நம்பர்.

பாஸ்வேர்டு மறந்தால் ரகசிய எண் அனுப்ப இன்னொரு போன் நம்பர் கேட்டது. நம் ஆட்கள் புதுவாயல் கூட்ரோட்டில் குடை விரித்து சிம் விற்பவனைக் கண்டால் உடனே நம்பரை மாற்றுகிற ரகம். அதனால் எண்பது பேருக்கும் என் நம்பரையே போட்டேன். அப்புறம் ஒரு நாள் அதே குடைக்குக் கீழே நானும் நின்று புது சிம் வாங்கி, பழையதைத் தூக்கிப் போட்டேன் என்பது வேறு விஷயம். கணக்குத் திறந்த அன்றைக்கு சூப்பர்வைசர் என் முதுகில் தட்டிச் சொன்னார்: "ஆபீஸ்ல நாலு பேரு செய்யாத வேலைய நீ ஒண்டி ஆளா செஞ்சிட்ட தாத்தா, இனிமே நமக்குக் கவலையே இல்ல."

எலுமிச்சையா, தக்காளியா

இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை விமலா கேட்டுக்கு ஓடி வந்தாள். ஒன்பது வருஷமாக காண்ட்ராக்ட்டில் இருக்கிறவள். காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தாள். நிரந்தர வேலை. தேர்வாகிவிட்டாள், கடிதம் மெயிலில் வந்திருக்கிறது, அதில் இருக்கும் 'சம்மதம்' என்ற பட்டனை சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அமுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. இவள் போனோ வீட்டில் துணி ஊற வைத்த பக்கெட்டுக்குள் விழுந்து செத்துப் போனது. புதுப் போன் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அந்தக் கம்பெனிக்கு போன் செய்தால், மெயிலைத் தவிர வேறு வழி கிடையாது என்கிறார்கள்.

"நீதான வெச்ச, சொல்லு தாத்தா" என்று நின்றாள். நாற்பத்தேழு எனக்கு நினைவிருக்கிறது. சாப்பாடு? எலுமிச்சை சாதம் போட்டேன். தப்பு. தக்காளி சாதம், தப்பு. சாம்பார் சாதம், தயிர் சாதம், பொங்கல். கேன்டீன் மாஸ்டரைக் கூப்பிட்டு ஐந்து வருஷத்துக்கு முந்தைய மெனுவைக் கேட்டேன். புளிசாதத்தில் வந்து நின்றது: நிறைய தடவை முயன்றுவிட்டீர்கள், நாளை வாருங்கள். விமலா அழவில்லை, டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு திரும்பிப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "அஞ்சி வருசமா நான் போட்டத துன்னுட்டு, இன்னா துன்னோம்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல பாரு."

முப்பத்தாறில் முடிகிற நம்பர்

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு புதுவாயலில் போன் ரிப்பேர் பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். 'முப்பத்தாறில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்க எண் அனுப்பலாமா?' என்று கேட்டது. முப்பத்தாறு நான் தூக்கிப் போட்ட நம்பர். போட்டுப் பார்த்தோம், ரிங் போனது. அப்படியென்றால் சிம் கம்பெனிக்காரன் அதை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறான்.

"பூட்டை ஒடைக்க முடியாதாப்பா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன் பூட்டுன்னா ஒடைச்சிடுவேன் தாத்தா, இது கணக்குப் பூட்டு, இதுக்கு சாவி அந்த முப்பத்தாறு வெச்சிக்கினு இருக்கறவர் பாக்கெட்லதான் கீது."

உண்மை பேசி வாங்கிக் கட்டிக்கொண்டது

கடை வாசலில் நின்றே மறுபடி போட்டேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. விமலா பக்கத்தில் நின்றதால், பொய் எதுவும் கலக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "ஐயா, உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வரும், அதை மட்டும் படிச்சிச் சொல்லுங்க." சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஊரை ஏமாற்றுகிற திருடன் ஒவ்வொருவனும் இதே வசனத்தைத்தான் சொல்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலப்படமில்லாத உண்மையைச் சொல்கிறேன், அது கேட்க அச்சு அசல் மோசடி மாதிரியே இருக்கிறது.

மனிதர் பிடித்துக்கொண்டார். ஒன்றரை வருஷமாக இந்த போனுக்கு வாரம் தவறாமல் யார் யாருக்கோ ரகசிய எண் வருகிறதாம். பெரிய கும்பலே தன்னைக் குறி வைத்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் பயந்து கிடக்கிறார்களாம். கும்பல் இல்லை, பேக்கிங் செக்ஷன் என்றேன். அவர் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்னார்: "யோக்கியனா இருந்தா நேர்ல வா நைனா, ஊத்துக்கோட்டை தாண்டி ரைஸ் மில்லு பக்கத்து ஊடு, கேசவலுன்னு கேளு, போலீசயும் வரச் சொல்லி நாற்காலி போட்டு வெக்கறேன்."

ஆளைச் சொன்னால் அடியைச் சொல்கிறேன்

சனிக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டோம். புதுவாயலில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கும்போது மணி மூன்றரை. வாசல் பூராவும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கேசவலுவுக்கு ஐம்பது வயது இருக்கும், பக்கத்தில் அவர் சம்சாரம். போலீஸ் இல்லை, ஆனால் காலி நாற்காலி ஒன்று நிஜமாகவே கிடந்தது. கம்பெனி அட்டையைக் காட்டினேன். "இத எந்தக் கடைல வேணா அடிச்சித் தருவான்" என்றார். விமலா தன் ஆதாரைக் காட்டினாள். "அது நீ யாருன்னு சொல்லுதும்மா. என் நம்பரு இவருதுன்னு எங்க சொல்லுது?" நியாயமான கேள்விதான். மணி நாலு. விமலா செல்போனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அப்போது அவர் சம்சாரம் புருஷன் காதில் என்னமோ சொன்னார். கேசவலு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நம்பருக்கு கேட்டு தாத்தா இருக்காரான்னு கேட்டு தெனம் ஒருத்தன் போன் பண்றான். நான் இல்லன்னு சொல்றதுக்குள்ள, பாம்புக் கதைய இன்னொரு வாட்டி சொல்லுன்றான், மச்சான் நம்பலன்றான், பாம்பு இத்தினி அடின்னு அவனே சொல்றான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். நீ அந்த ஆளுன்னா சொல்லு. பாம்பு எத்தனை அடி?"

ஒரே கதையை ஒரே அளவில் நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன்? பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன், எந்தப் பொய் என்று தெரியவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: "போன் பண்ணது யாருன்னு சொல்லுங்க, அடியைச் சொல்றேன்."

"மோல்டிங்ல வேலை செய்யற ஒருத்தன்."

"எட்டு."

"பேக்கிங்ல ஒரு பொம்பள."

"நாலு. பெரிசா சொன்னா பயந்துக்கினு போன் வாங்க வரமாட்டாங்க."

"ஒரு காண்ட்ராக்டரு."

"பன்னெண்டு. அவருக்குக் கொறைச்சி சொன்னா மரியாதையா இருக்காது."

சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேசவலு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். முதல் எண் வந்தபோது மூக்குக் கண்ணாடியைத் தேடினார், அதற்குள் அது காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணை எழுத்துக் கூட்டுவது மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தார். விமலா அமுக்கினாள். கணக்கு திறந்தது. கடிதம் மேலேயே இருந்தது. நாலு மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு 'சம்மதம்' போய்ச் சேர்ந்தது. அவள் பொத்தென்று அந்த போலீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். மோர் வந்தது. நான் இரண்டு டம்ளர் குடித்தேன். கிளம்பும்போது ஆட்டோ வரைக்கும் வந்து கேசவலு சொன்னார்: "மிச்சம் எழுவத்தொம்போது பேருக்கும் திங்கக்கிழமையே நம்பர மாத்திடு நைனா, ஆனா பாம்பு கேக்கறவங்கள நிறுத்தாத, எங்க ஊட்ல அதத்தான் கேட்டு சிரிக்கறோம்."

டோக்கன் வாபஸ்

மாதம் முடிந்ததும் விமலா நாற்பத்தேழாம் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். புது பாஸ்வேர்டு என்ன வைத்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இரண்டு பேருக்கும் புத்தி வந்திருந்தது. காலியான பொந்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புதுக் கம்பெனில கேட்டா பாம்பு பதினாறு அடின்னுதான் சொல்லுவேன் தாத்தா, எழுதி வெச்சிக்க."

நாற்பது வருஷமாக நான் விட்ட கதைகளில் ஒன்றைக்கூட மாற்றாமல், யாரிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே ஒப்பித்தது அந்த ஒரு நாள்தான், என்னை யோக்கியன் என்று ஒரு மனிதர் நம்பியதும் அன்றைக்குத்தான்.