என் மனைவியை நான் ஓடவைத்த மூன்று வாரங்கள்

காவலர் எழுத்துத் தேர்வில் என் மனைவி தேறியபோது அவளைவிட நான்தான் அதிகம் ஆடினேன். உடல்தகுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. முதலில் நானூறு மீட்டர் ஓட வேண்டும். அதில் தேறினால் நூறு மீட்டரைப் பதினேழரை வினாடிக்குள் கடக்க வேண்டும். வயது வரம்புக்குள் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

அவள் எனக்கு மாமன் மகள். பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த பிறகுதான் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினாள்.

“நானூறு மீட்டர நான் பாத்துக்குவேன் மாமா. இந்த நூறுதான் பயமா கீது” என்றாள்.

“நான் இருக்கேன் இல்ல? நான் ஓட வெக்கிறேன்” என்றேன்.

பள்ளியில் படிக்கும்போது வட்டாரப் போட்டியில் நூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தவன் நான். அந்தச் சான்றிதழ் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். அந்த மாதம் எனக்கு நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, வீட்டு வாசலில் நிற்பவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராகப் பள்ளி மைதானத்துக்குப் போவேன். சிமென்ட் தரை மாதிரி இறுகிய மண், மேலே பொடி ஜல்லி. முதல் நாள் நூறு மீட்டரைக் காலடியால் அளந்து இரண்டு பக்கமும் செங்கல் வைத்தேன். அவள் சுடிதாரும் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் போட்டிருந்தாள். பைக்கிலிருந்து இறங்கிய கையோடு, “போய் நில்லு” என்றேன். கை காட்டினேன். ஓடினாள். ஃபோனில் பத்தொன்பது வினாடி காட்டியது. மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் ஓடச் சொன்னேன். அன்று மட்டும் எட்டு முறை, எட்டும் முழு வேகத்தில்.

மறுநாள் காலை மாடிப்படியை அவள் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். நல்ல அறிகுறி என்றுதான் எனக்குப் பட்டது. வலித்தால்தானே உடம்பு பழகும் என்று சொல்லிச் சிரித்தேன்.

இரண்டாவது வாரத்தில் பதினெட்டுக்கு வந்தாள். அப்புறம் நேரம் குறையவே இல்லை. ஒருநாள் பாதியில் நின்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, இங்க சுருக்குனு இழுக்குது. இன்னிக்கு உட்டுடலாமா?”

“ஒடம்பு சூடானா சரியாப் பூடும். இன்னும் ரெண்டு ஓடு.”

ஓடினாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மட்டும் முகம் சுருங்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரக் கடைசியில், என்னோடு ஷிப்டில் வேலை செய்யும் இரண்டு பேர் ஷட்டில் ஆட மைதானத்துக்கு வந்திருந்தார்கள். “இன்னாபா, கோச் ஆயிட்டியா?” என்று கேட்டார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. அவர்கள் பார்க்க நல்ல நேரம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவள் செங்கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று தலையசைத்தாள்.

“இன்னிக்கு முடியாது மாமா. காலு ரொம்பப் புட்சிக்கினு கீது.”

“நடிக்காத. போய் நில்லு” என்றேன். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போய் நின்றாள். என்றைக்கும் இல்லாத வேகத்தில் கிளம்பினாள். அறுபது மீட்டர் தாண்டியிருப்பாள். யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி துள்ளி, ஒற்றைக் காலில் நாலு தாவு தாவி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஃபோனில் நேரத்தை நிறுத்திவிட்டுத்தான் அவளிடம் ஓடினேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இரண்டும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் தொடை வீங்கி, முழங்கால் வரை கறுநீலமாகிவிட்டது. பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னல் ஓரமாக ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்தபடியே வந்தாள்.

தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்மணிக்கு என் வயதுகூட இருக்காது. அவளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஓடறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவீங்க?”

“ஒண்ணும் இல்ல மேடம். நேரா ஓடுவேன்.”

“வாரத்துக்கு எத்தினி நாள்?”

“ஆறு நாளு. ஞாயித்துக்கெழம மட்டும் லீவு.”

“எல்லாமே ஃபுல் ஸ்பீடா?”

அவள் தலையாட்டினாள். அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். முதலில் பத்து நிமிடம் வேக நடை, மெதுவான ஓட்டம். பிறகு காலை முன்னும் பின்னும் வீசிப் பழக்க வேண்டும், முழங்காலை உயர்த்தித் தாவ வேண்டும். ஆரம்பத்தில் சில வாரம் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும், அதுவும் நாலைந்து தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுசாக அடங்கும்வரை நடக்க வேண்டும். ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி தனியாக. ஜல்லித் தரையைவிடப் புல்தரை நல்லது. எங்கேயாவது இழுத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கடைசியாக, “யாரு உங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “யாரும் இல்ல மேடம். நானாதான் ஓட்னேன்” என்றாள்.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். ‘நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது; அதற்குள் முழு வேகத்தில் ஓடக்கூடாது என்றார்கள். அவள் கேட்கவில்லை. சொல்லித்தந்த பயிற்சிகளை வீட்டுக்குள் பாய் விரித்து ஒருநாள் விடாமல் செய்தாள். தேர்வு நாளன்று தொடையில் பட்டை சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கூட வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. நான் கேட்டுக்கு வெளியே, மற்ற பெண்களின் அப்பாக்களோடும் புருஷன்களோடும் மதியம்வரை நின்றேன். வெளியே வந்தபோது ஷூவைக் கையில் பிடித்திருந்தாள்.

“நானூறு முட்ச்சிட்டேன் மாமா. நூறுலதான், பாதியில காலு வரல. நடந்து போய்க் கோட்டத் தாண்டுனேன்.”

அன்று மாலை அவளுடைய அப்பா ஃபோன் செய்தார். “வழுக்கி உழுந்துட்டேன் நைனா. விடு, அதுக்கு இன்னா பண்றது” என்று அவள் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டேன். அன்றும் நான் போய் ஃபோனை வாங்கவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் இப்போது உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பள்ளி மைதானத்தில் அவளைப் பார்த்தேன். கூட வேலை செய்யும் மூன்று பெண்களோடு இருந்தாள். கம்பெனி விளையாட்டு விழாவுக்காக என்று பிறகு தெரிந்தது. புல் இருந்த ஓரமாக நால்வரும் நடந்து, மெதுவாக ஓடி, காலை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வேகமாகக் கிளம்பியபோது அவள் கையைத் தட்டி நிறுத்தினாள். “இன்னிக்கு அவ்ளோ வேணாம், பாதி போதும்” என்பது ரோடு வரைக்கும் கேட்டது. என்னைக் கண்டதும் கையசைத்தாள். வரச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

இரவு சாப்பிடும்போதுதான் சொன்னேன். “அன்னிக்கு நான் நடிக்காதன்னு சொல்லியிருக்கக் கூடாது. உன் வேலையே போச்சு.”

“நானே முடியாதுன்னு ஒக்காந்திருக்கலாம் இல்ல” என்றாள். பிறகு, “நீ சொன்னதுனாலதான் ஒக்காரல” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சண்டை போட்டதில்லை, குத்திக் காட்டியதில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஓடப் போகிறாள். அந்த நாட்களில் காலை நாஷ்டா என் பொறுப்பு. மார்கழியில் மட்டும் அந்தக் கால் இன்னும் அவளுக்கு இறுகிப்போகிறது. படுக்கையை விட்டு எழுவதற்கு முன் தொடையின் கீழே கையைக் கொடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். நான் விழித்துத்தான் இருப்பேன். பிடித்துவிடட்டுமா என்று கேட்க வாய் வராது.